இலையுதிர்ந்த பின்னும்

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வேனிலும் பனியும் முறைவைத்து வந்து போவதில்லை. வெயிலும் மழையுமே நம் பருவங்கள். ஆயினும், ரப்பர்த் தோட்டங்களை அறிந்தவர்க்கு இலையுதிர் காலம் என்பது வெறும் ஏட்டுச் சொல் அன்று. ஆண்டின் தொடக்க மாதங்களில் மரங்களின் இலைகள் மஞ்சளாகியும் சிவந்தும் உதிரும். கிளைகள் வெறுமையாய் நிற்கும், பாலும் குறையும். சில கிழமைகள் கழிந்ததும் அதே கிளைகளில் செம்பு நிறத் தளிர்கள் தோன்றிவிடும்.

மரத்தின் பருவம் வட்டமாய்ச் சுழல்வது. மனிதனின் பருவமோ ஒரே திசையில் ஓடுவது. உதிர்ந்த இலைக்கு ஈடாக மறு தளிர் வரும் என்னும் உறுதி மரத்திற்கு உண்டு. கழிந்த இளமை மீளும் என்னும் உறுதி நமக்கு இல்லை. புறநானூற்றின் 243-ஆம் பாட்டில் முதியவர் ஒருவர் இதை எண்ணி இரங்குகிறார். மகளிரோடு கூடி மணற்பாவைக்குப் பூச்சூட்டி மகிழ்ந்ததும், மருத மரக்கிளையில் ஏறி ஆழ்ந்த மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்து காட்டியதும் அவர் நினைவில் நிற்கின்றன. இப்போதோ கையில் கோல். இருமலுக்கிடையே சில சொற்கள். அந்த இளமை எங்கே போயிற்று என்னும் ஏக்கமே அப்பாட்டின் உயிர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அவ்வேக்கம் இன்றும் நம் வீடுகளில் கேட்கிறது.

பருவமாற்றம் என்பது முதுமை மட்டுமன்று. பள்ளியை விட்டு நீங்கும் மாணவனுக்கு அது ஒருவகை. பிள்ளைகளை வளர்த்து மணமுடித்து அனுப்பிய தாய்க்கு வேறொருவகை. துணையை இழந்தவர்க்கும், நோயால் தொழிலை விட்டவர்க்கும் அது திடுமென வந்து நிற்பது. மலேசியாவில் நெடுங்காலம் 55 ஆக இருந்த அரசு ஊழியரின் கட்டாய ஓய்வு வயது, படிப்படியாய் உயர்ந்து 2012இல் 60 ஆயிற்று. எத்தனை ஆண்டுகள் கூட்டினும், மணி அடித்தும் வகுப்புக்குச் செல்ல வேண்டாத ஒரு காலை ஒவ்வோர் ஆசிரியர்க்கும் வரத்தான் போகிறது. நேற்றுவரை ‘நான் ஆசிரியன்’ என்று சொன்ன நா, இன்று என்ன சொல்லும்? தொழில் முடிந்தபோது வாழ்வின் நோக்கமும் முடிந்துவிடுமா? இவ்வினாவிற்குக் கிறித்தவ நம்பிக்கை தரும் விடை யாது என்பதை ஈண்டுச் சிந்திப்போம்.

முதியவரின் வினா

இவ்வினாவை இயேசு பெருமானிடமே நேரில் எழுப்பியவர் ஒருவர் உண்டு. அவர் நிக்கொதேமு, யூதர்களின் தலைவருள் ஒருவர், கற்றறிந்த ஆசிரியர். இரவில் வந்து சந்தித்த அவரிடம், மனிதன் புதிதாய்ப் பிறக்க வேண்டும் என்கிறார் இயேசு. முதிர்ந்துவிட்ட ஒருவன் எவ்வாறு மீண்டும் பிறக்க முடியும் என்று வியந்து கேட்கிறார் நிக்கொதேமு. யோவான் எழுதிய நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் இவ்வுரையாடலைக் காணலாம்.

நிக்கொதேமுவின் வினாவில் ஏளனம் இல்லை, அனுபவம் இருக்கிறது. பழக்கங்கள் இறுகிப்போன பின், உடல் தளர்ந்த பின், புதுத் தொடக்கம் என்பது சொல்லுக்கு இனியதே அன்றிச் செயலுக்கு இயல்வதா என்றுதான் அவர் ஐயுறுகிறார். இயேசு தரும் விடையோ அவருடைய வயதைப் பற்றியதே அன்று. காற்று எங்கிருந்து வருகிறது என்று அறியாவிடினும் அதன் ஒலியைக் கேட்கிறோம். ஆவியினால் பிறத்தலும் அத்தகையது என்கிறார் அவர். புதுப்பிறப்பு மனிதன் தன் வலிமையைத் திரட்டிச் செய்யும் செயல் அன்று, அவனுக்கு அருளப்படுவது. ஆகவே, வலிமை குறைந்துவிட்டது என்பது அதற்குத் தடையும் அன்று.

நோக்கம் என்பதை நாம் பெரும்பாலும் நாமே வகுத்துக்கொள்ளும் திட்டமாகக் கருதுகிறோம். கிறித்தவமோ அதனை ஓர் அழைப்பாகக் கருதுகிறது. திட்டம், வகுத்தவனின் ஆற்றலைப் பொறுத்தது. ஆற்றல் குன்றினால் அதுவும் குன்றும். அழைப்போ அழைப்பவரைப் பொறுத்தது. தொழில் அவ்வழைப்பிற்கு நாம் தரும் மறுமொழிகளுள் ஒன்று. பருவம் மாறும்போது மறுமொழியின் வடிவம் மாறலாம்; அழைப்பு ஓய்வதில்லை.

எண்பதாம் பிறந்தநாளில் முடிந்த பணி

தமிழாசிரியர் நன்கறிந்த ஒருவரின் வாழ்வு இதற்குச் சான்றாகும். ஜி.யு. போப் 1820இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்தவர். 1839இல் சமயத் தொண்டராய்த் தமிழகம் வந்து, சாயர்புரம், தஞ்சாவூர், உதகமண்டலம், பெங்களூர் ஆகிய இடங்களில் போதகராகவும் ஆசிரியராகவும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1880களின் தொடக்கத்தில் அவர் இங்கிலாந்து திரும்பியபோது வயது அறுபதைக் கடந்திருந்தது. எந்த மக்களுக்காக உழைத்தாரோ அம்மக்கள் இப்போது கடலுக்கு அப்பால். பிறர் கணக்கில் அது ஓய்வின் தொடக்கம்.

ஆனால், நாம் இன்று போற்றும் போப்பின் பெரும்பணிகள் அதற்குப் பின்னரே நிகழ்ந்தன. 1884 முதல் ஆக்சுபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1886இலும், நாலடியார் மொழிபெயர்ப்பு 1893இலும் வெளிவந்தன. திருவாசகத்தையும் மொழிபெயர்க்க வேண்டும் என்னும் எண்ணத்தைப் பற்றி ஓர் இரவு பேலியல் கல்லூரியின் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டுடன் அவர் பேசிக்கொண்டிருந்தார். நீண்ட ஆயுளுக்கு எனக்கு உறுதி இல்லையே, பணியோ பல ஆண்டுகள் ஆகுமே என்று போப் தயங்கினார். பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நெடுநாள் வாழும் வழி, அதை முடிக்கும்வரை நீர் வாழ்வீர் என்று ஜோவெட் ஊக்கினார். 1893இல் ஜோவெட் மறைந்தார். போப் பணியை முடித்தார். 1900ஆம் ஆண்டு வெளிவந்த அந்நூலின் முன்னுரையில் அவர் இட்ட நாள், அவருடைய எண்பதாம் பிறந்தநாள். 1837இல் முதற்றமிழ்ப் பாடம் கற்றதையும் அங்கே நினைவுகூர்கிறார்.

இங்கே இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, போப் புதிய பருவத்தில் தம் பழைய அறிவை வீசியெறியவில்லை. பதினேழு வயதில் தொடங்கிய தமிழ்க் கல்வியே எண்பது வயதில் கனிந்தது. புதுப்பித்தல் என்பது முன்னைய வாழ்வை அழித்து எழுதுவதன்று. அதனை வேறொரு பயனுக்கு ஒப்படைப்பது. மற்றொன்று, அவர் தம் கிறித்தவப் பற்றில் தளராதவர். எனினும் மணிவாசகரின் சிவபத்தியில் திளைத்த நூலொன்றை ஆங்கில உலகிற்கு அளிக்கத் தம் இறுதி ஆற்றலைச் செலவிட்டார். தன் நம்பிக்கையில் ஊன்றி நிற்பவன் பிறர் நம்பிக்கையின் அழகைக் கண்டு அஞ்சவேண்டுவதில்லை என்பதற்கு அப்பணி ஓர் எடுத்துக்காட்டு.

பால் வற்றிய மரமா மனிதன்?

ஆயினும், போப்பின் வாழ்வைக் காட்டி இவ்வுரையை முடித்துவிடின் வினாவின் பாதிக்கே விடை கூறியவர் ஆவோம். எண்பது வயதில் நூல் எழுதும் உடலும் அறிவும் எத்தனை பேர்க்கு வாய்க்கும்? படுக்கையில் கிடப்பவர், நினைவிழந்தவர், பிறர் ஊட்ட உண்பவர் ஆகியோர்க்கு நோக்கம் என்று ஒன்று உண்டா?

தோட்டத்தில் ரப்பர் மரத்திற்கு ஒரு கணக்கு உண்டு. நட்டு ஐந்தாறு ஆண்டுகளில் பால் எடுக்கத் தொடங்குவர். இருபத்தைந்து முப்பது ஆண்டுகளில் விளைச்சல் குறைந்ததும் மரத்தை வெட்டி மறுநடவு செய்வர். தோட்டத்திற்கு அக்கணக்குப் பொருந்தும். ஆனால், அந்தத் தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்த தலைமுறைகளின் வழிவந்த நாம், மனிதரையும் அக்கணக்கிலேயே அளக்கப் பழகிவிட்டோமோ என்று அஞ்சவேண்டியுள்ளது. உழைக்கும்வரை மதிப்பு, உழைப்பு ஓய்ந்தால் சுமை என்னும் எண்ணம் பிறரைப் பற்றி எழுவதோடு நிற்பதில்லை. முதியவர் தம்மைத் தாமே அவ்வாறு எடைபோட்டுக்கொள்கின்றனர். ‘நான் யாருக்கும் பயனில்லை’ என்று மூத்தோர் கூறும் சொல்லில் இருப்பது அக்கணக்கே.

கிறித்தவ நம்பிக்கையின் அடித்தளம் இக்கணக்கை மறுக்கிறது. மனிதன் உழைத்ததனால் இறைவனுக்கு உகந்தவன் ஆவதில்லை. இறைவன் அவனை நேசித்ததனாலேயே அவன் உழைப்பிற்கும் பொருள் வருகிறது. மதிப்பு முந்தியது, பயன் பிந்தியது. யோவான் நற்செய்தியின் இறுதி அதிகாரம் இதனை அழகுற விளக்கும். பேதுருவிடம் மும்முறை அன்பைக் கேட்டு, மந்தையை மேய்க்கும் பொறுப்பை அளிக்கிறார் இயேசு. உடனே, இளமையில் நீயே கச்சை கட்டி விரும்பிய இடத்திற்குச் சென்றாய்; முதுமையிலோ வேறொருவர் உனக்குக் கச்சை கட்டி நீ விரும்பாத இடத்திற்குக் கொண்டுசெல்வார் என்றும் உரைக்கிறார். பேதுரு எய்தவிருந்த மரணத்தைக் குறித்தது இது என்பது யோவானின் விளக்கம். ஆயினும், தானே நடக்கும் பருவம், பிறர் கைப்பிடித்து நடத்தும் பருவம் என்னும் இரண்டும் அதில் அடங்கியுள்ளன. இரண்டையும் கூறிய பின் இயேசு விடுக்கும் கட்டளை ஒன்றே: தம்மைப் பின்பற்றி வருக என்பது. செயல்படும் காலத்திற்கு ஓர் அழைப்பு, செயலற்ற காலத்திற்கு ஓர் ஆறுதல் என்று இரண்டு இல்லை.

அயர்லாந்தில் 1867இல் பிறந்த எமி கார்மைக்கேல் அம்மையார் இதனை வாழ்ந்து காட்டினார். 1895இல் இந்தியா வந்த அவர், திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் அமைத்து வளர்த்தார். 1931இல், தம் அறுபத்துமூன்றாம் வயதில், ஒரு குழியில் விழுந்து கடுமையாய்க் காயமுற்றார். அதன்பின் 1951இல் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். ஓடியாடிக் குழந்தைகளைக் காத்தவர், இப்போது பிறரால் காக்கப்படுபவரானார். அவ்வறையிலிருந்து அவர் எழுதிய நூல்களும் மடல்களும் பல. தம்மைப் போல் நோயுற்றோர்க்கென்றே எழுதியவையும் அவற்றுள் உண்டு. நடக்க முடிந்த காலத்தில் அவரால் எழுத முடிந்திராத ஒன்றை நோயே அவர்க்குக் கற்பித்தது.

துயரை மறைக்காத நம்பிக்கை

இவையெல்லாம் மனத்தை ஏமாற்றிக்கொள்ளும் ஆறுதல் அல்லவா என வினவுவோர் உளர். விவிலியம் துயரை மறைப்பதாயின் அவ்வினா நியாயமே. ஆனால், ரூத்தின் வரலாற்றில் வரும் நகோமியைப் பாருங்கள். அயல்நாட்டில் கணவனையும் இரு மைந்தரையும் இழந்து ஊர் திரும்பிய அவள், இனிமை எனப் பொருள்படும் தன் பெயரையே வெறுக்கிறாள். கசப்பு எனப் பொருள்படும் மாரா என்று தன்னை அழைக்குமாறு ஊராரிடம் கூறுகிறாள். அவள் புலம்பலை விவிலியம் கண்டிக்கவில்லை. வரலாற்றின் முடிவிலோ, மருமகள் ரூத் பெற்ற குழந்தையை மடியில் ஏந்தி வளர்ப்பவளாய் அவள் காணப்படுகிறாள். அக்குழந்தையே தாவீது அரசனின் பாட்டன். இழந்தவர் மீளவில்லை, எனினும் மடி வெறுமையாய் இல்லை. அப்புது நோக்கத்தை நகோமி திட்டமிட்டுத் தேடவில்லை. தன்னை விட்டுப் பிரிய மறுத்த ஒரு பெண்ணின் அன்பு வழியாக அது அவளிடம் வந்தது.

சமயம் சாராமலும், வேறு சமயங்களில் ஊன்றியும், நோக்கத்தோடு முதுமையைக் கழித்தவர் பலர். தொல்காப்பியரும் இல்லறத்தின் இறுதிக் காலத்தில் மக்களோடும் சுற்றத்தோடும் கூடிச் சிறந்ததைப் பயில்வதையே பயனாகக் கூறினார். கிறித்தவ நம்பிக்கை அவற்றை மறுத்துத் தனித்து நிற்க வேண்டுவதில்லை. ‘நீ செய்வதற்கு இன்னும் ஒன்று உண்டு’ என்பதோடு அது நிற்பதில்லை. செய்ய இயலாத நாளிலும் நீ வேண்டப்படுகிறாய் என்று கூறுவதே அதன் சிறப்பு.

நகோமியின் வரலாறு இளையோர்க்கும் ஒரு கடமையை உணர்த்துகிறது. ரூத் இல்லையேல் நகோமிக்கு மறுவாழ்வு இல்லை. ஓய்வுபெற்ற ஆசிரியரை ஆண்டுவிழாவில் பொன்னாடை போர்த்தி அமரவைத்து மறந்துவிடுவது மரியாதை ஆகாது. ஒரு மாணவனின் கட்டுரையைத் திருத்தவும், ஓர் ஐயத்தைத் தீர்க்கவும், ஒன்றும் இயலாவிடின் அருகிருந்து பேசவும் அவரை நாடிச் செல்வதே மரியாதை. ஆசிரியர்க்கும் ஒரு சொல்: கரும்பலகையின் முன் நிற்கும்போதே, நம் பெயர் நம் பதவியன்று என்பதைப் பழகிக்கொள்ளுதல் நன்று. பெறுவதற்கும் கைகள் வேண்டும். கொடுத்தே பழகிய கைகள் பெறக் கற்றுக்கொள்வதே பலர்க்கு இறுதிப் பருவத்தின் கடினமான பாடம். அதனைக் கற்பவர் அந்நாளிலும் மாணவரே.