ஒப்புமை உறவாகுமா?

சீடன்: ஐயா, அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, தத்துப்பூச்சி, சில்வண்டு எல்லாம் ‘ஹோமோப்டிரா’ என்ற ஒரே வரிசை என்கிறது பழைய பாடநூல். புதிய நூலில் அந்த வரிசையே இல்லை. பூச்சிகள் மாறவில்லையே, வகைப்பாடு ஏன் மாறியது?

குரு: நாம் கேட்ட கேள்வி மாறியது. 1758-இல் இயற்கையியலாளர் லின்னேயஸ் பூச்சிகளைச் சிறகைப் பார்த்து வகுத்தார். இலைப்பேனையும் இவற்றோடு ‘ஹெமிப்டிரா’ என்ற வரிசையில் சேர்த்தார். அவரிடம் பயின்ற ஃபெப்ரிசியஸ் 1775-இல் வாயைப் பார்த்து வகுத்தார்.

சீடன்: அது ஆசானை மீறியதாகாதா?

குரு: ஆகாது. ஆசான் காணாததைக் காண்பதே அவர் தந்த கல்வியின் பயன். தாடைகள் நான்கு ஊசிகளாக நீண்டு உதட்டு உறைக்குள் அடங்கிய வாய், சாறுறிஞ்சும் இந்தக் கூட்டத்தின் அடையாளம். இலைப்பேனுக்கோ ஒரு பக்கத் தாடைதான் வளர்கிறது. இன்று அது தனி வரிசை.

சீடன்: 1810-இல் பூச்சியியலாளர் லாட்ரெய் மறுபடியும் சிறகைத்தானே பார்த்தார்? முன்சிறகு பாதி தடித்திருக்கும் நாவாய்ப்பூச்சிகள் ஹெட்டிரோப்டிரா. சிறகு முழுவதும் ஒரே தன்மையாக இருப்பவை ஹோமோப்டிரா. இதில் என்ன பிழை?

குரு: பாதி தடித்த சிறகு புதிதாகத் தோன்றிய பண்பு, அது ஒரு கிளையைக் காட்டும். ஒரே தன்மையான சிறகோ மூதாதையிடமிருந்து வந்த பழைய பண்பு. ஒரு வம்சத்தில் பூர்விக வீட்டை விட்டுப் போகாதவர்கள் எல்லாரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளா?

சீடன்: இல்லை, ஐயா.

குரு: 1990-களில் ரைபோசோம் மரபணுவை ஒப்பிட்டபோது அதுவே தெரிந்தது. தத்துப்பூச்சியும் சில்வண்டும் அசுவினியைவிட நாவாய்ப்பூச்சிக்கே நெருங்கிய உறவு. ஆகவே ஹோமோப்டிரா கலைந்தது. ஹெமிப்டிரா என்ற ஒரே வரிசைக்குள் அசுவினிக் கூட்டம், தத்துப்பூச்சிக் கூட்டம், நாவாய்ப்பூச்சிக் கூட்டம், தென் அரைக்கோளத்தின் பாசிப்பூச்சிக் கூட்டம் என நான்கு கிளைகள் நின்றன.

சீடன்: இதுவும் நாளை மாறினால் எதை நம்புவது?

குரு: மாறக்கூடும். பாசிப்பூச்சி நாவாய்ப்பூச்சிக்கு உறவா, தத்துப்பூச்சிக்கு உறவா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் ஃபெப்ரிசியஸ் கண்ட வாய் ஒவ்வொரு திருத்தத்திலும் நிலைத்திருக்கிறது. திருத்தம் அறிவை அழிப்பதில்லை. ஆதாரமில்லாத பகுதியைத்தான் நீக்குகிறது. வரிசையின் பெயரை மனப்பாடம் செய்வதோடு நிற்காதே. அது எந்தப் பண்பின் மேல் நிற்கிறது, அந்தப் பண்பு புதியதா பழையதா என்று கேள். அந்தக் கேள்வி இல்லாமல் கற்ற வகைப்பாடு வெறும் பட்டியல்.