சேதி எந்த வருஷத்தது?



2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி காலை, நம் நாட்டின் மங்கள்யான் விண்கலம் செவ்வாய்க் கிரகத்தின் சுற்றுப்பாதையில் புகுந்தது. அன்று அது நம்மிடமிருந்து சுமார் 22 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. வானொலி அலை விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ஆயினும் அங்கிருந்து பூமிக்கு வர அதற்குப் பன்னிரண்டரை நிமிஷம் பிடித்தது. 7.17-க்குக் கலத்தின் எஞ்சின் எரியத் தொடங்கிற்று. ‘தொடங்கிவிட்டது’ என்ற சேதி பெங்களூர் நிலையத்துக்கு எட்டியபோது மணி 7.30. அதற்குள் எரியவேண்டிய 24 நிமிஷத்தில் பாதிக்கு மேல் கழிந்துபோயிற்று!

விஞ்ஞானிகள் அந்தச் சேதியைப் பொய்யென்று தள்ளவில்லை; அதுவே இந்த நிமிஷத்து நிலைமை என்றும் எண்ணவில்லை. காரியம் நடந்த நேரம் வேறு, சேதி எட்டிய நேரம் வேறு என்று கணக்கிட்டார்கள்.

நாமோ? நம் பக்கத்துப் பிள்ளைகள் திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலும் நாமக்கல் லாரியிலும் வடநாடு போகிறார்கள். ஒருவன் அங்கே குடிக்கிறான் என்று சேதி வருகிறது. சேதி மெய்தான். தகப்பன் அன்றே கதவை அடைக்கிறான். நாலு வருஷம் கழித்தும் ‘குடிகாரன்’ என்றே சொல்கிறான். ‘அன்று குடித்தான்’ என்று சொல்ல நா எழுவதில்லை. இடையில் அந்தப் பிள்ளை எத்தனை இரவு அழுதானோ, யார் கண்டது?

தமாஸ்கு நகரத்து அனனியாவை நினைத்துப் பாருங்கள். சவுல் செய்த தீமைகளைப் பலர் சொல்லக் கேட்டிருந்தார். கேட்டதில் பொய்யில்லை; ஆனால் அது பழைய சவுல். அனனியா அஞ்சித் தயங்கிய அதே வேளையில், சவுல் கண் தெரியாமல், அன்னம் தண்ணீர் இல்லாமல், ஜெபத்தில் இருந்தான். ஆண்டவர் அனுப்பவே, அனனியா போய் அவனைச் சகோதரன் என்று அழைத்தார். அந்தச் சவுல்தான் நம் அர்ச். சின்னப்பர்.

“அப்படியானால் நடந்த தப்பிதத்தை மறந்துவிடவா?” என்பீர்கள். அல்ல. பாவம் பாவந்தான், பட்ட கடனைத் தீர்க்கத்தான் வேண்டும். திரும்ப நம்புமுன் விசாரிப்பதும் விவேகமே. விசாரியாமல் தீர்ப்பிடுவதுதான் நீதிக்கு விரோதம்.

ஓர் ஆத்துமத்தின் இந்த நிமிஷத்து நிலைமை சர்வேசுரன் ஒருவருக்கே தாமதமின்றித் தெரியும். நமக்கு எட்டுவதெல்லாம் பழைய சேதியே. ஆகையால் இந்த வாரம், யாரைப் பற்றி ‘அவன் இப்படிப்பட்டவன்’ என்று சொல்லிவருகிறீர்களோ, அந்தச் சேதி எந்த வருஷத்தது என்று பாருங்கள். பிறகு அடுத்த ஞாயிறு பூசைக்கு முன் அவனுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். இல்லையேல் போனிலாவது கூப்பிட்டு, ‘எப்படியிருக்கிறாய்?’ என்று கேளுங்கள்.

உங்கள் பங்குக் குரு