சக்கரத்தின் வினை யாரைச் சாரும்?

பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடி செல்லும் சாலையில், பாரிவாக்கம் நிறுத்தத்தில் பேருந்து ஏறும் ஒருவர் ஓட்டுநரின் பெயரை அறியார். பிரேக் சோதிக்கப்பட்டதா, டயர் தேய்ந்துள்ளதா, ஓட்டுநர் இரவில் உறங்கினாரா என்று வினவ அவருக்கு வழியும் இல்லை. முகமறியாத ஒரு நிறுவனத்தை நம்பித் தம் உயிரை ஒப்படைத்துவிட்டு, சன்னலோரம் இடம் கிடைத்ததா என்பதையே அவர் எண்ணுகிறார். அவ்வுயிர் வழியிலேயே நீங்குமாயின் பொறுப்பு யாருடையது? சட்டம் இதற்கு ஒரு விடை தருகிறது. அவ்விடை அறத்துக்கும் போதுமானதா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

பணியாள் தம் பணியின்போது இழைத்த தவற்றுக்கு அவரை ஏவிய முதலாளி பொறுப்பாவார் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள கொள்கை. ஆயினும் முன்னாளில், ஓட்டுநர் கவனக்குறைவாக இருந்தார் என்பதை இறந்தவரின் குடும்பமே மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கணவனை இழந்த பெண் சாட்சிக்கு எங்கே செல்வாள்? இத்துன்பத்தை உணர்ந்தே 1982-இல் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டது. தவறு யாருடையது என்று காட்டாமலேயே மரணத்துக்கு 15,000 ரூபாய் பெறலாம் என்றாயிற்று. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 25,000 ஆக்கியது. 1994-இல் அது 50,000 ஆயிற்று. 2019-இல் நிறைவேறி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி அத்தொகை ஐந்து இலட்சம். இதனினும் மிகுதி வேண்டுவோர் தவற்றை மெய்ப்பித்துக் கோரலாம். பாரிவாக்கத்தில் வாழ்வோர், விபத்து எவ்வூரில் நேரினும், தம் வாழிடத்துக்குரிய தீர்ப்பாயத்திலேயே வழக்கிடலாம் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

தவற்றைக் கேளாமல் பொருள் வழங்குவது கருணையுடைய ஏற்பாடு, அதில் ஐயமில்லை. ஆனால் அறநூலோர் தவற்றையன்றோ முதலில் கேட்டனர்! உமாசுவாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் வகுக்குமிடத்துப் பிரமாதம் என்பதனை முன்வைத்தார். பேச்சுவழக்கில் நாம் பாராட்டாக வழங்கும் பிரமாதம் அன்று இது. விழிப்பின்மை என்பது பொருள். நிலம் நோக்கி நடக்கும் முனிவரின் அடியில் அவரையும் மீறி ஒரு சிற்றுயிர் மடியினும் அவருக்கு அவ்வினை ஒட்டுவதில்லை. விழிப்பின்றி நடப்பவனோ, ஓர் உயிரும் மடியாதபோதும் இம்சை செய்தவனே ஆகிறான். யசோதர காவியத்தில் மாவினாற் செய்த கோழியைப் பலியிட்டதற்கே மன்னனும் அவன் தாயும் பல பிறவிகள் உழல்கின்றனர். அங்கே மடிந்த உயிர் ஒன்றுமில்லை, எண்ணம் மட்டுமே உண்டு. இவ்வளவையின்படி, தேய்ந்த டயரோடு பேருந்தை அனுப்பிய பணிமனையில் அன்று விபத்து நேராவிடினும் இம்சை நிகழ்ந்துவிட்டது.

இனி, செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூன்றையும் வினைக்கு வாயில்களாக நம் முன்னோர் வைத்தனர். முதலாளியின் பொறுப்பு என்று சட்டம் கூறுவது ஏறத்தாழ இரண்டாவதன்கண் அடங்கும். மூன்றாவதைச் சட்டம் தொடுவது அரிது.

2012 ஜூலை 25-ஆம் நாள் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பகுதியில் நிகழ்ந்ததைப் பலர் மறந்திரார். சேலையூரில் ஒரு பள்ளியில் இரண்டாம் வகுப்புப் பயின்ற சிறுமி, ஒப்பந்தப் பேருந்தில் வீடு திரும்புகையில், தரைப்பலகையில் இருந்த ஓட்டை வழியே கீழே விழுந்து, அப்பேருந்தின் பின்சக்கரத்தாலேயே உயிரிழந்தாள். அவ்வண்டிக்குச் சில வாரங்களுக்கு முன்புதான் தகுதிச் சான்று வழங்கப்பட்டிருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அவ்வாண்டிலேயே பள்ளிப் பேருந்துகளுக்கெனத் தமிழக அரசு தனி விதிகளை வகுத்தது.

ஓட்டை ஒரே நாளில் தோன்றுவதன்று. பலகை இற்றதைக் கண்டவர் எத்தனை பேர்? தினந்தோறும் அதனைத் தாண்டி நடந்தவர் எத்தனை பேர்? செய்தவர் ஒருவராயின், செய்வித்தவர் சிலர்; வாளாவிருந்து உடன்பட்டவர் பலர். நிறுவனம் என்பது சட்டத்தின் பார்வையில் ஓர் ஆள். அதற்கு உயிரில்லை, ஆகவே வினைக்கட்டும் இல்லை. நிறுவனம் பணம் செலுத்தியவுடன், அதனுள் இருந்த உயிருள்ள மனிதர் ஒவ்வொருவரும் தம் பங்கு தீர்ந்ததாகக் கொள்கின்றனர். என் கருத்தில் இங்கேதான் மயக்கம் நுழைகிறது. இழப்பீடு பசிக்கு விடை. அது குற்றத்துக்கு விடையன்று. குடும்பத்திடம் தவற்றை மெய்ப்பிக்கக் கேளாதது நன்று. அதனைச் சாக்காக வைத்து நிறுவனம் தன்னுள் ஆராயாதிருப்பது தீது.

அப்பசிக்கான விடையும் காலத்தில் வருகிறதா? தில்லிப் போக்குவரத்துக் கழகத்துக்கு எதிரான ஒரு வழக்கில், இறந்தவரின் வயது, வருவாய், சார்ந்தோர் தொகை ஆகியவற்றைக் கொண்டு இழப்பீட்டைக் கணக்கிடும் முறையை உச்ச நீதிமன்றம் ஒழுங்குபடுத்தியது. நாடெங்கும் இன்று எடுத்தாளப்படும் தீர்ப்பு அது. மரணம் நேர்ந்தது 1988-இல்; தீர்ப்பு வந்தது 2009-இல். இருபத்தோராண்டு! விபத்து விழிப்பின்மையால் நேர்ந்திருக்கலாம். ஆனால் தீர்ப்பான தொகையை நிறுத்திவைப்பது அறிந்தே செய்யப்படுவது. ஆகவே அறத்தின் தராசில் அது விபத்தினும் கனமானது.

அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனி நிதி ஒன்றை வைத்திருப்பின், காப்பீடு செய்வதிலிருந்து விலக்குப் பெறச் சட்டத்தில் இடமுண்டு. தமிழகத்திலோ, தொகை செலுத்தப்படாமையால் நீதிமன்ற அமீனா பேருந்து நிலையத்துக்கே வந்து பேருந்தை ஜப்தி செய்யும் செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. அவ்விபத்தோடு எவ்வகையிலும் தொடர்பற்ற ஓட்டுநரும் நடத்துநரும் கீழே இறங்கி நிற்கின்றனர். பயணிகள் மூட்டைகளோடு வேறு வண்டி தேடுகின்றனர். தொகை செலுத்தப்பட்டதும் அதே பேருந்து மீண்டும் தடத்தில் ஓடுகிறது. வண்டி பிடிபட்ட பின் கிடைக்கும் அத்தொகை, அதற்கு முந்தைய ஆண்டுகளில் எங்கே இருந்தது என்று அவ்விதவை கேட்டால், பதில் கூற வேண்டியவர் அக்கழகத்துள் யார்?