பெட்டிக்குள் பூட்டிய ஆஸ்தி



யூதா நாட்டை ஆண்ட யோசியாஸ் அரசனின் 18-ம் ஆண்டில் எருசலேம் தேவாலயத்தைப் பழுதுபார்த்தார்கள். அவ்வேளையில் பெரிய குருவின் கையில் ஒரு புத்தகம் அகப்பட்டது. அது அந்நியருடையதல்ல, முன்னோர் விட்டுச்சென்ற நியாயப்பிரமாணமே. ஆலயத்தில் காணிக்கை சேர்ந்தது, வாசல் காப்போரும் இருந்தனர்; புத்தகம் மாத்திரம் மறக்கப்பட்டுக் கிடந்தது. அதை வாசிக்கக் கேட்ட அரசன் தன் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டான்.

நம் வீடுகளிலும் இதுவே நடக்கிறதல்லவா? 1965-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேதாகமம் விசுவாசிகள் எல்லோருக்கும் எளிதாய்க் கிடைக்கவேண்டுமென்று போதித்தது. 1995-ல் தமிழில் பொது மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. தாத்தாவும் பாட்டியும் ஆசையாய் வாங்கிய அப்புத்தகம் இன்று எங்கே? சில வீடுகளில் டிரங்குப் பெட்டியில், பத்திரங்களுக்கு அடியில். பாகம் பிரிக்கையில் குத்துவிளக்குக்கும் அண்டாவுக்கும் வழக்காடுகிறோம். வேதாகமம் எனக்கு வேண்டுமென்று வாதாடியவர் யார்?

அதன் முன்தாளைத் திறந்து பாருங்கள். அண்ணன் ஞானஸ்நானம் பெற்ற நாள். அதன் கீழே தம்பி ஞானஸ்நானம் பெற்ற நாள். இரண்டும் தகப்பனார் கையெழுத்து. இன்றோ அவ்விருவருக்கும் வரப்புத் தகராறு. பூசைக்கு வருகிறார்கள், முகம் பார்ப்பதில்லை. ஒரே தாளில் அடுத்தடுத்து இருக்கும் இரு பெயர்கள், ஒரே கோயிலில் ஒன்றையொன்று அறியாததுபோல் நிற்கின்றன! காணிக்கையைப் பீடத்தருகே வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு சமாதானமாகும்படி நம் ஆண்டவர் கற்பித்தது, அதே புத்தகத்தில், அர்ச். மத்தேயு எழுதின சுவிசேஷம் 5-ம் அதிகாரத்தில் இருக்கிறது. முன்தாளைப் பத்திரமாய் வைத்துக்கொண்டு உள்தாளை மறப்பது ஆஸ்தியைக் காப்பதாகுமா?

மனிதன் மறதியுள்ளவன் என்று சர்வேசுரன் அறிவார். ஆகவே தம் கற்பனைகளைக் கையில் அடையாளமாகக் கட்டவும், வாசல் நிலைகளில் எழுதவும், பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவும் உபாகமம் 6-ம் அதிகாரத்தில் கட்டளையிட்டார். பால் பணம் கட்டக் கைபேசியில் ஞாபகமணி வைக்கும் நாம், ஆத்துமத்துக்கு ஒரு ஞாபகம் வைக்கலாகாதா? ஞாயிறு சுவிசேஷத்திலிருந்து ஒரு வாக்கியத்தைத் துண்டுத்தாளில் எழுதி, அடுப்படியில் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். இரவு செபமாலை முடிந்ததும் பிள்ளைகளில் ஒருவர் பத்து வசனம் வாசிக்கட்டும்.

ஆனால் எச்சரிக்கை! அடையாளம் வேறு, அனுசரிப்பு வேறு. நிலையில் சிலுவையைப் பதித்துவிட்டு, அதே நிலைக்கு வெளியே கூலிக்காரியை நாளை வா, நாளை வா என்று அலையவிட்டால் அந்தச் சிலுவையே நமக்கு விரோதமாய்ச் சாட்சி சொல்லும். கூலியைப் பொழுது சாயுமுன் கொடுக்கச் சொல்வதும் அந்தப் புத்தகமே.

தீமோத்தேயுவின் விசுவாசம் முதலில் அவருடைய பாட்டி லோவிசாளிடத்திலும், பின்பு தாய் ஐனிக்கேயாளிடத்திலும் இருந்ததென்று அர்ச். சின்னப்பர் எழுதுகிறார். அந்தப் பாட்டி வீடு நிலம் ஏதேனும் விட்டுச்சென்றாளா என்று நமக்குச் சொல்லப்படவில்லை. அவள் விட்டுச்சென்ற விசுவாசம் மாத்திரம் நினைக்கப்படுகிறது.

ஆகையால், பிரியமானவர்களே, இன்று மாலை பெட்டியைத் திறங்கள். புத்தகத்தைத் தூசி தட்டி, சேசுவின் திரு இருதயப் படத்தருகே வைத்து வாசியுங்கள். முன்தாளில் பெயருள்ள யாரோடாவது பேச்சற்றிருந்தால், வரும் ஞாயிறு பூசைக்குமுன் அவர் வீட்டு வாசற்படி ஏறுங்கள். அதற்கான வரத்தைத் தேவமாதா நமக்குப் பெற்றுத் தருவாராக. ஆமென்.