மெருகின் நேர்மை

பளபளப்பைப் பற்றி நமக்கு இரண்டு மனம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிக் கூடத்தில் வைத்தால், "இந்த விளக்கு தன் வயதை மறைக்கிறது" என்று யாரும் குறை சொல்வதில்லை. மங்களம் என்றுதான் சொல்கிறோம். அதே நாம், கவரிங் சங்கிலி அணிந்து கல்யாணத்துக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றிக் காதோடு காதாக என்னவெல்லாம் பேசிக்கொள்கிறோம்! "மினுக்கித் திரிகிறான்" என்றால் அது பாராட்டு அல்ல. "மேல்பூச்சுக்காரன்" என்றால் அது வசை.

அப்படியானால், பழையதைப் புதிதாக்குவது எந்த எல்லை வரைக்கும் பராமரிப்பு? எந்த எல்லையைத் தாண்டினால் அது பொய்? மேலோட்டமாகப் பார்த்தால் இது வீட்டுச் சாமான்களைப் பற்றிய கேள்வி. சற்று யோசித்துப் பார்த்தால், கெட்டுப்போய்த் திருந்த நினைக்கிற ஒவ்வொரு மனிதனையும் பற்றிய கேள்வி. இதற்கு விடை தேடித் தத்துவ நூல்களைப் புரட்டியவர்கள் உண்டு. எனக்கு அது வடசென்னையில், புழல் பக்கத்துப் பட்டறை ஒன்றில் கொஞ்சம் தெளிந்தது.

வடசென்னைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் உள்ள உறவு பழையது. 1955ஆம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் புல்லட் வண்டி பிறக்கத் தொடங்கிற்று. இங்கிலாந்தில் அந்தக் கம்பெனி 1970இல் முடிந்துபோன பிறகும் ஒற்றியூரில் வண்டிகள் உருவாகிக்கொண்டுதான் இருந்தன. புழலுக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமான ஓடுதளம் ஒன்று பிற்பாடு பந்தயத் தடமாயிற்று. 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புதிய தடம் திறக்கும் வரை, சென்னையில் மோட்டார் பந்தயம் என்றால் சோழவரந்தான். இந்த மண்ணில் வளர்ந்த பையன்களுக்கு வண்டி மோகம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தேவையில்லை.

நான் பார்த்த பட்டறையில் ஒரு மோட்டோகிராஸ் வண்டியின் முன்கால்கள் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. மேடும் பள்ளமும் சேறுமாக அமைந்த மண் தடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் தாவிப் பாய்ந்து ஓட்டுகிற பந்தயம் அது. அப்படித் தாவி விழும்போது முதல் அடியைத் தாங்குவது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் இந்த இரண்டு கால்கள்தாம். ஒவ்வொரு காலும் ஒரு குழாய்க்குள் நுழைந்து ஓடும் இன்னொரு குழாய். உள்ளே சுருள்வில்லும் எண்ணெயும். கீழிருந்து நுழையும் உள்குழாய் எஃகு. அதன்மேல் கெட்டிக் குரோமிய முலாம். மேலே இருக்கும் வெளிக்குழாய் அலுமினியம். அதன்மேல் அனோடைசிங் என்று சொல்லப்படும் வன்மையான மேற்பரப்பு. கல் தெறித்தும் கேபிள் உராய்ந்தும் அந்த வெளிக்குழாய்களில் நிறம் போய், கீறல் விழுந்து, பார்க்கப் பரிதாபமாக இருந்தன. அவற்றைப் புதிதாக்கித் தரவேண்டும் என்று ஒரு பையன் கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

பட்டறைக்காரர் ஐம்பது வயது மனிதர். அதிகம் பேசாதவர். "ஏதோ சாயம் பூசுகிற வேலைதானே?" என்று நான் கேட்டதும் அவருக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிட்டது.

"பூசற வேலை இல்ல சார். பெயிண்ட்னா பட்டி போட்டு மூடிடலாம். இதுல ஒண்ணையும் மூட முடியாது. அடியில கீறல் இருந்தா மேல காட்டிக் கொடுத்துடும்."

பிறகு அவரே விளக்கினார். முதலில் காலை முழுவதும் பிரித்து எண்ணெயை வடிக்க வேண்டும். குழாயின் உட்பக்கம் அளவு பிசகாமல் கடைந்தது. அதற்குள் மருந்து போகாதபடி இரு முனைகளையும் இறுக அடைக்க வேண்டும். பிறகு காஸ்டிக் சோடாக் கரைசலில் முக்கினால் பழைய மேற்பரப்பு கரைந்து வரும். அதிகம் விட்டுவிட்டால் அலுமினியத்தையே தின்றுவிடும். அதன்பின் அமிலத்தில் அலசிக் கறுப்பை நீக்கி, தண்ணீர் தொட்டு, எமரி காகிதத்தால் தேய்க்க வேண்டும்: 220ஆம் எண், 400, 800, 1500 என்று முரடிலிருந்து மென்மைக்கு. கடைசியில் பஃப் சக்கரத்தில் பிடித்தால் முகம் தெரியும்.

"இந்த ஒரு கீறல்தானே ஆழமாக இருக்கிறது? அதை மட்டும் தேய்த்தால் போதாதா?" என்றேன்.

"அதை மட்டும் தேய்ச்சா அங்க பள்ளம் விழும் சார். கீறல் எவ்வளவு ஆழமோ, அவ்வளவுக்கு மொத்தக் குழாயையும் இறக்கணும்."

இந்தச் சொல் என்னை யோசிக்க வைத்தது. நம்மில் எத்தனை பேர் நம் குற்றங்களை இப்படித்தான் திருத்தப் பார்க்கிறோம்! குடித்துவிட்டு மனைவியை அடித்தவன் குடியை மட்டும் நிறுத்தினால் போதும் என்று நினைக்கிறான். அடிக்கத் துணிந்த மனம் அப்படியேதான் இருக்கிறது. லஞ்சம் வாங்கி அகப்பட்டவர் அந்த ஒரு கோப்பைப் பற்றி மட்டும் வருந்துகிறார். கீறலின் ஆழத்துக்கு வாழ்க்கை முழுவதையும் இறக்குவதற்கு நமக்கு மனம் வருவதில்லை.

மெருகேறிய குழாய்கள் பிறகு தொட்டிகள் வைத்திருக்கும் வேறொரு பட்டறைக்குப் போகின்றன. அங்கே நடப்பது ஆச்சரியமான காரியம். நீர்த்த கந்தக அமிலத்தில் குழாயைத் தொங்கவிட்டு மின்சாரத்தின் நேர்முனையை அதில் இணைக்கிறார்கள். கரைசலிலிருந்து பிறக்கும் ஆக்ஸிஜன் அலுமினியத்தோடு கூடி, அந்த உலோகத்திலிருந்தே ஒரு தோலை வளர்க்கிறது. வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து ஒட்டுவதில்லை. அந்தத் தோல் பாதி உள்நோக்கியும் பாதி வெளிநோக்கியுமாக வளர்கிறது. அலுமினியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்த அந்தச் சேர்மந்தான் மாணிக்கத்துக்கும் நீலக்கல்லுக்கும் ஆதாரப் பொருள். பூஜ்யம் பாகையை ஒட்டிய குளிரில் வைத்துச் செய்தால் 50 மைக்ரான் கனத்துக்குக் கெட்டியான தோல் கிடைக்கும். ஒரு மயிரிழை கனங்கூட இல்லை. ஆனால் கல்லடி தாங்கும். அதில் நுண்ணிய துளைகள் இருப்பதால் சாயத்தில் முக்கினால் நிறம் உள்ளே இறங்கும். பிறகு கொதிநீரில் வைத்தால் துளைகள் மூடிக்கொண்டு நிறம் நிலைத்துவிடும்.

இந்த முறை நூறு வருஷத்துப் பழமை உடையது. 1923இல் இங்கிலாந்தில், கடல் விமானங்களின் அலுமினியக் கலவை உறுப்புகளை உப்பு அரிக்காதபடி காப்பதற்காகக் குரோமிக் அமிலத்தைக் கொண்டு இதைச் செய்தார்கள். 1927இல் கந்தக அமில முறை வந்தது. காற்று பட்டாலே அலுமினியம் தன்மேல் மெல்லிய தோல் ஒன்றைத் தானாகப் போர்த்துக்கொள்ளும். மனிதன் செய்ததெல்லாம், அதன் இயல்பிலேயே இருந்த குணத்தைத் தடிப்பாக வளர்த்துக் கொடுத்ததுதான்.

ஆக, உலகத்தில் மூன்று வகைப் பளபளப்பு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பட்டி வைத்துப் பூசிய வர்ணம், உள்ளே இருப்பதை மறைக்கிறது. முலாம் என்பது வேறொரு உலோகத்தின் பெருமையைக் கடன் வாங்கி அணிந்துகொள்வது. அது எப்போதும் தவறு என்று நான் சொல்லமாட்டேன். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசாவிட்டால் ரசம் களிம்பேறிவிடும். உள்குழாயின் குரோமியம் இல்லாவிட்டால் எஃகு துருப்பிடித்துவிடும். மூன்றாவது, தன்னிலிருந்தே வளர்கிற மெருகு. முதலாவது நாம் செய்யும் பாசாங்கு. இரண்டாவது, படித்தும் பழகியும் நாம் பெறுகிற நாகரிகம். மூன்றாவதற்கு நம் பெரியவர்கள் வைத்த பெயர் பக்குவம்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. இந்த மூன்றாவது மெருகுக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு முறை உரித்துத் தேய்க்கும்போதும் குழாய் கொஞ்சம் இளைக்கிறது. எத்தனை முறை தாங்கும் என்று கேட்டேன். "அளந்து பார்த்துத்தான் சார் சொல்வேன். நசுங்கினது, விரிசல் கண்டது எதுவா இருந்தாலும் தொடமாட்டேன். அதைப் பளபளன்னு ஆக்கிக் கொடுத்தா கொலைக்கு உடந்தை" என்றார்.

விரிசல் கண்ட காலை மினுக்கி விற்றால், அடுத்த தாவலில் அது ஒடியும். ஒரு தாய்க்குப் பிள்ளை போய்விடும். வெளியே மெருகேற்றிவிட்டு, உள்ளே தேய்ந்த புஷ்ஷையும் எண்ணெய் ஒழுகும் சீலையும் அப்படியே விட்டாலும் அதே மோசடிதான். பட்டறைக்காரர் கையாள்கிற அளவுகோல் எளிமையானது: இந்த மெருகை நம்பி ஒருவன் பாரத்தை ஏற்றினால், அது தாங்குமா? தாங்கினால் பராமரிப்பு. தாங்காவிட்டால் பொய்.

அதோடு இன்னொரு கேள்வியும் உண்டு. இந்தப் பளபளப்புக்கு யார் உடம்பு விலை? குரோமிய முலாமிடும் தொட்டியிலிருந்து எழும் மென்துளிகள், பாதுகாப்பில்லாமல் வேலை செய்கிறவனின் மூக்குத் தண்டைத் துளைத்துவிடும். கையில் ஆறாத புண்ணாக்கும். நுரையீரலில் புற்றுநோயையும் உண்டாக்கும். காற்றை வெளியேற்றும் விசிறியும் கையுறையும் இல்லாத கொட்டகையில் பிறந்த பளபளப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதில் நேர்மை இல்லை. கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்காத மெருகும் அப்படித்தான்.

தண்ணீர் என்றதும் புழலின் ஞாபகம் வருகிறது. 1872 முதல் புழல் ஏரியின் நீர் கீழ்ப்பாக்கம் வழியாகச் சென்னைக்குக் குடிநீராகப் போகிறது. 2006இல், சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்திருந்த மத்திய சிறையும் இங்கே இடம் மாறி வந்தது. நகரம் குடிக்கிற தண்ணீரும், நகரம் வேண்டாமென்று தள்ளிவைத்த மனிதர்களும் ஒரே ஊரில். சிறைத்துறை இங்கே பெட்ரோல் நிலையமும் நடத்துகிறது. கைதிகள் வண்டிகளுக்குப் பெட்ரோல் போடுகிறார்கள். அங்கே பெட்ரோல் வாங்குகிறவர் சில்லறையை எண்ணிப் பார்க்காமல் வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார். அதே மனிதர், தண்டனை முடிந்து வெளியே வந்த அந்தக் கைதி வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் என்ன செய்வார்?

இங்கேதான் நம்முடைய பங்கு வருகிறது. பழைய வண்டிச் சந்தையில் நான் கேள்விப்பட்ட ஒரு விஷயம்: "இந்தக் கால்களை உரித்து மறுபடி அனோடைஸ் செய்திருக்கிறேன், இவ்வளவு கனம் மிச்சம் இருக்கிறது" என்று உண்மையைச் சொன்னவனுக்கு விலை குறைகிறது. வாயை மூடிக்கொண்டு மினுக்கி நிறுத்தியவனுக்கு முழு விலை கிடைக்கிறது. வாங்குகிறவர்கள் இப்படி நடந்துகொண்டால், நேர்மையாக வேலை செய்தவன் எத்தனை நாள் நேர்மையாகப் பேசுவான்? பொய்யனைப் பாதி நாம்தான் உருவாக்குகிறோம். சிறைக்குப் போய் வந்ததை ஒளிக்காமல் சொன்னவனுக்கு வேலை இல்லை, ஒளித்தவனுக்கு வேலை. பிறகு ஒரு நாள் அது தெரியவந்தால், "பார்த்தாயா, ஏமாற்றிவிட்டான்!" என்று பொங்குகிறோம்.

இதைப் படிக்கும் ஒரு தாயாரோ, ஒரு வியாபாரியோ என்னைக் கேட்கலாம்: "குழாயைக் கீறியது கல். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. மனிதன் செய்த குற்றத்தில் இன்னொருவன் நஷ்டப்பட்டிருக்கிறானே? குற்றவாளி பளபளப்பாகிவிட்டால் பறிகொடுத்தவனுக்குத் திரும்பி வருமா?" நியாயமான கேள்விதான். வராது. திருந்துவதால் கணக்கு தீர்ந்துவிடுவதில்லை. பறிகொடுத்தவன் மன்னிக்க வேண்டும் என்று வற்புறுத்த வேறு எவருக்கும் உரிமையும் இல்லை. உரித்துத் தேய்த்த குழாய் பழைய கனத்தை மறுபடி அடைவதில்லை. திருந்திய மனிதனும் குற்றத்துக்கு முன்பிருந்த மனிதனாக ஆவதில்லை. இழந்தது இழந்ததுதான். மிஞ்சியிருக்கும் உலோகம் இன்னும் எவ்வளவு பாரம் தாங்கும் என்பது ஒன்றுதான் இனி கேட்கத்தக்க கேள்வி. அந்தக் கேள்வியை, குற்றத்தில் சம்பந்தப்படாத நாமாவது நிதானமாகக் கேட்கலாம் அல்லவா?

ஆகவே புதிதாக்கிக்கொள்ள விரும்புகிறவனுக்கு ஒரு கடமை இருக்கிறது. கீறலின் அடிவரைக்கும் போக வேண்டும். தேய்ந்து போனதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவனை ஏற்றுக்கொள்கிற உலகத்துக்கும் ஒரு கடமை இருக்கிறது. மினுக்கத்தைப் பார்த்து மயங்கவும் கூடாது. கீறலின் கதையைக் கேட்டதும் கதவைச் சாத்தவும் கூடாது. கையில் அளவுகோலை எடுத்து, மிச்சம் இருக்கும் கனத்தை அளந்து, அதற்கு உரிய விலையைக் கொடுக்க வேண்டும். அதைவிடக் குறைத்துக் கொடுத்தால், பட்டி வைத்துப் பூசுகிறவர்களின் எண்ணிக்கை நம்மிடையே பெருகிக்கொண்டேதான் போகும்.