உப்பின் வாய்பாடு எதைச் சுட்டுகிறது?

சோடியம் குளோரைடின் வாய்பாடு, ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின் சுமை பெற்ற சோடியம் அயனியும் அதை ஏற்று எதிர்மின் சுமை பெற்ற குளோரைடு அயனியும் ஒன்றுக்கொன்று ஈடாகி, மொத்தச் சுமை சுழியாகும்படி எழுதப்படுகிறது. கால்சியம் அயனியின் சுமை இரண்டாதலால் அதற்கு இரண்டு குளோரைடுகள் வேண்டும். ஆயினும் இவ்வாய்பாடு எப்பொருளின் பெயர் என்னும் வினா எளிதன்று. 1913இல் இயற்பியலாளர் லாரன்ஸ் பிராக், எக்ஸ் கதிர்களால் உப்புப் படிகத்தை ஆராய்ந்து, ஒவ்வோர் அயனியையும் எதிர்ச்சுமையுள்ள ஆறு அயனிகள் சூழ்ந்திருப்பதையும், தனித்த இணையாகிய மூலக்கூறு அங்கே இல்லாமையையும் வெளிப்படுத்தினார். 1927இல் வேதியியலாளர் ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் இதைக் கடுமையாக மறுத்தார். அவர் பிழைபட்டார் எனினும், பெயர் இருந்தால் அதற்குரிய தனிப்பொருளும் இருக்கும் என்னும் எண்ணம் இகழத்தக்கதன்று. உண்மையில் வாய்பாடு சுட்டுவது விகிதத்தையே. இரண்டு என்னும் எண் இரு பொருள்களிலும் ஒருசேர உறையும் குணம் என்று இந்திய மெய்யியல் மரபுகளுள் ஒன்றைச் சேர்ந்த வைசேடிகர் கொண்டதுபோல, இவ்விகிதமும் எந்த ஓர் அயனியிலும் தனித்து உறையாமல் படிகம் முழுவதிலும் உறைகிறது.