அநியாய அபராதமும் நம் கணக்கேடும்

சீர்காழிக் கடைத்தெருவில் நேர்மையாக அரிசி வியாபாரம் செய்யும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். 2022 ஜூலையில், 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய பை அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. வரியை ஒழுங்காகக் கட்டியவருக்கு, ரசீதில் நேர்ந்த சிறு பிழைக்காகப் பெருந்தொகை அபராதம். "அடுத்த ஆண்டு விற்பனையை மறைத்து ஈடுகட்டினால் என்ன?" என்று மனம் கேட்கும்.

கூடாது, சகோதரர்களே! பிறர் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்யலாகாது என்பது சூரா மாயிதாவின் 8ஆம் வசனம் புகட்டும் பாடம். பொய்க் கணக்கால் அவர்கள் செய்த அநீதி அழியாது. நம் ஏட்டில் இன்னொன்று ஏறும்.

லஞ்சம் கொடுக்கலாமா? வேறு வழியின்றி, அநீதியைத் தடுக்கக் கொடுப்பவர் மீது குற்றமில்லை, வாங்குபவர் மீதே பாவம் என்று ஃபிக்ஹு அறிஞர் பலர் கூறியுள்ளனர். ஆனால் இங்கே வழி இருக்கிறதே! வஞ்சகமோ பெரும் அலட்சியமோ இல்லாத, எளிதில் திருத்தக்க ஆவணப் பிழைக்கு அபராதம் கூடாதென்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 126ஆம் பிரிவு. 3 மாதத்திற்குள் மேல்முறையீடு செய்யலாம். அதிகாரம் இருக்கிறது என்பதற்காகவே அபராதம் விதிக்கலாகாது என்று 1969இல் ஹிந்துஸ்தான் ஸ்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றமும் கூறியுள்ளது.

முறையிடுவது பொறுமைக்கு மாறானதல்ல. உரிமையைக் கேட்போம், கை கறைபடாமல் கேட்போம்.